ஊர் கூடிக் காவல் காத்தா திருட்டு குறையுமா? திண்டுக்கல் சொல்ற கதை

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்காகத் திருத்திச் சுருக்கிய வடிவம்)

இந்த வாரம் பேசப்போறது திருட்டு பத்தி. பேங்க் கொள்ளை, ஆன்லைன் மோசடி மாதிரி நியூஸ் சேனல்ல மூணு நாள் ஓடுற சமாச்சாரம் இல்ல. வாசல்ல நிறுத்தின பைக், பஸ்ல போன செல்போன், தோட்டத்துல அறுத்துட்டுப் போன மோட்டார் ஒயர், பட்டியில இருந்து ராத்திரியில காணாமப் போன ரெண்டு ஆடு. இந்த மாதிரி அன்றாடத் திருட்டு. இதுல போலீஸ் மட்டும் என்ன பண்ண முடியும், ஊர்க்காரங்க மட்டும் என்ன பண்ண முடியும், ரெண்டு பேரும் சேர்ந்தா என்ன ஆகும்? அதான் கேள்வி.

இதுக்கு நான் எடுத்துக்கிட்ட ஊர் திண்டுக்கல். ஏன்னு போகப்போக உங்களுக்கே தெரியும்.

பூட்டு என்ன வேலை செய்யுது?

திண்டுக்கல்னு சொன்னா நம்ம வயசுக்காரங்க "பிரியாணி"னு முடிப்பாங்க. நம்ம அப்பா, தாத்தா வயசுக்காரங்க "பூட்டு"னு முடிப்பாங்க. ரெண்டுமே சரிதான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. மாங்காய்ப் பூட்டுன்னு ஒண்ணு, பார்த்திருப்பீங்க. பழைய வீட்டுக் கதவுல, அரிசி மூட்டை அடுக்கின ரூம்ல தொங்கும். நாகல்நகர்லயும் சுத்துவட்டாரக் கிராமங்கள்லயும் தலைமுறை தலைமுறையா கையால செஞ்ச பொருள் அது. இப்போ அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் விலையில அடிச்சு, அந்தத் தொழில் ரொம்பச் சுருங்கிப் போச்சு.

ஒரு இன்ஜினியரா பூட்டைப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். திறக்கவே முடியாத பூட்டுன்னு ஒண்ணு கிடையாது. பூட்டு நமக்கு வாங்கிக் கொடுக்கிறது நேரம். அமெரிக்காவுல இரும்புப் பெட்டகத்துக்குத் தரச்சான்று கொடுக்கிறப்போ டி.எல்.15, டி.எல்.30னு ஒரு அளவு வச்சிருக்காங்க. கருவிகளோட ஆள் உட்கார்ந்து வேலை பார்த்தா 15 நிமிஷம் தாங்கும், 30 நிமிஷம் தாங்கும்னு அர்த்தம். உடையவே உடையாதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கிறது இல்ல.

அப்போ அந்த 15 நிமிஷத்துல யாராவது ஒருத்தர் சத்தத்தைக் கேட்கணும். கேட்டவர் எழுந்து வரணும். யாருமே வரலைன்னா, எவ்வளவு நல்ல பூட்டா இருந்தாலும் திருடனுக்குக் கொஞ்சம் கூடுதல் வியர்வை, அவ்வளவுதான். பூட்டோட மறுபாதி பக்கத்து வீடு.

இன்னொண்ணு, எல்லாத்தையும் பூட்டி வைக்க முடியாது. வேடசந்தூர், வடமதுரை, நத்தம் பக்கம் போனா மானாவாரிக் காடு, கிணத்துத் தோட்டம், ஆட்டுப்பட்டிதான். வீடு ஒரு இடத்துல, மோட்டார் ரூம் இன்னொரு இடத்துல. கிணத்துக்குள்ள இறங்குற கேபிளை எந்தப் பெட்டியில வச்சுப் பூட்டுவீங்க? செம்புக்கு எடை போட்டு காசு கொடுக்க ஆள் இருக்கிற வரைக்கும் அந்த ஒயருக்கு ஆபத்து இருக்கு. அதை அறுத்தவனுக்குக் கிடைக்கிறது கொஞ்சப் பணம். தோட்டக்காரருக்குப் புது ஒயர் செலவு, எலக்ட்ரீஷியன் கூலி, தண்ணி பாய்ச்ச முடியாத நாலு நாள், வாடுற பயிர். திருடனோட வரவைவிட பறிகொடுத்தவரோட செலவு பல மடங்கு.

"ஆடு திருட்டுதானே"ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு ஞாபகப்படுத்தல். 2021 நவம்பர்ல திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தைச் சேர்ந்த சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ராத்திரியில ஆடு திருடிட்டு பைக்ல போனவங்களைத் தனி ஆளா துரத்திட்டுப் போனார். புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கத்துல அவரை வெட்டிக் கொன்னாங்க. பிடிபட்டவங்கள்ல சிறுவர்களும் இருந்தாங்க. சின்னத் திருட்டுன்னு நாம சொல்றது, அதோட நேருக்கு நேர் நிக்கிற ஆளுக்குச் சின்னது இல்ல.

காவலுக்குக் கூலி: பழைய இன்சூரன்ஸ்

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். போலீஸ் ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்கள்ல திருட்டை யார் பார்த்துக்கிட்டாங்க?

மதுரை, திண்டுக்கல் வட்டாரம் முழுக்க காவல் முறைன்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு ஊருக்கு ஒரு காவல்காரர். ஊர் அவருக்கு அறுவடையில தானியமாவோ காசாவோ காவல் கூலி கொடுக்கும். பதிலுக்கு மாடு திருடு போனா அவர் கண்டுபிடிச்சுத் தரணும். முடியலைன்னா அவர் கைக்காசைப் போட்டு ஈடு கட்டணும். இது இன்சூரன்ஸ்தானே? பிரீமியம் கட்டுறீங்க, நஷ்டம் வந்தா கிளெய்ம் பண்றீங்க. நம்ம காலத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லாத ஒரு நல்ல குணமும் அதுல இருந்துச்சு. திருட்டு நடந்தா காவல்காரருக்கே நஷ்டம். அதனால திருட்டைத் தடுக்கிறதுல அவருக்கு நேரடி அக்கறை உண்டு.

ஆனா இதே ஏற்பாட்டுக்குள்ள ஒரு ஓட்டையும் இருந்துச்சு. கூலி கொடுக்க மாட்டேன்னு ஒரு ஊர் சொன்னா என்ன ஆகும்? அந்த ஊர் மாடு காணாமப் போகும். அப்புறம் ஒரு ஆள் வந்து, "மாடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், துப்புக்கூலி கொடுத்தா திரும்பி வந்துடும்"னு சொல்வார். துப்புக்கூலின்னா துப்பு கொடுக்கிறதுக்கான கூலி. காசு கட்டினா மாடு வந்துடும். போலீஸுக்குப் போனா மாடு வராது. ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். நம்ம ஃபைலை லாக் பண்ணிட்டு சாவிக்குக் காசு கேட்கிறாங்களே, அந்த ரான்சம்வேர், மாட்டுக் கொட்டகை வடிவத்துல.

இதுல ஒரு பின்னணியைச் சேர்த்துச் சொல்லணும். கம்பெனி ஆட்சி வந்தப்போ பாளையக்காரர்களோட காவல் உரிமைகளை எடுத்துட்டு, போலீஸை சர்க்கார் வேலையா மாத்திக்கிட்டாங்க. ஆனா கிராமம் கிராமமா நிக்கிற அளவுக்கு போலீஸ் கிடையாது. பழைய ஏற்பாடு சட்டத்துல இல்ல, நடைமுறையில உண்டு. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்துல எந்தக் காவலும் கொஞ்சம் கொஞ்சமா மிரட்டலா மாறும். அது அந்த வேலை செஞ்ச சாதியோட குணம் கிடையாது. அந்த ஏற்பாட்டோட குணம்.

1896: கொம்பு, பண்டு, ஊர்

இப்போதான் கதை திண்டுக்கல்லுக்கு வருது. 1896 வாக்குல, அப்போ மதுரை மாவட்டத்துல இருந்த திண்டுக்கல் தாலுகாவுல விவசாயிகள் சேர்ந்து, இனி காவல் கூலி கொடுக்கிறதில்லைன்னு முடிவெடுத்தாங்க. 1906ல வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர்ல இதைப் பத்தி எழுதியிருக்கு. தொடங்கி வச்சவரா அம்மையப்பக் கோன்னு ஒருத்தர் பேரைச் சொல்றாங்க. அங்கிருந்து பழனி, பெரியகுளம் பக்கம் வரைக்கும் இது பரவுச்சு.

அவங்க போட்ட திட்டத்தைப் பாருங்க. இன்னைக்கு ஒரு டீம் உட்கார்ந்து யோசிச்சாலும் இதைத்தான் சொல்லும்.

முதல்ல, பொதுப்பணம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு நிதி. யாரோட மாடு திருடு போனாலும் அந்த நிதியில இருந்து ஈடு. இதுக்குப் பேரு பண்டு. இங்கிலீஷ் 'ஃபண்ட்'தான் நம்ம வாயில பண்டு ஆச்சு. இயக்கத்துக்கே அந்தப் பேரு வந்துச்சு.

ரெண்டாவது, அலாரம். ஊருக்கு ஒரு கொம்பு. மாடு போச்சுன்னா கொம்பு ஊதணும்.

மூணாவது, வர்ற கடமை. கொம்புச் சத்தம் கேட்டா ஊர்ல இருந்து இத்தனை ஆம்பளைங்க கிளம்பி வந்தாகணும்னு கணக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் பண்டுதான். யோசிச்சுப் பாருங்க. நான் மட்டும் "கூலி கொடுக்க மாட்டேன்"னு சொன்னா என் மாடு மட்டும் போகும். அந்தப் பயத்துலதான் எல்லாரும் தனித்தனியா கட்டிக்கிட்டே இருந்தாங்க. பண்டு வந்ததும் அந்தப் பயம் போயிடுச்சு. என் மாடு போனாலும் ஊர் ஈடு கட்டும். மிரட்டலோட பலமே ஒத்த ஆளா மாட்டுறவன்கிட்டதான். நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கிட்ட நிமிஷமே அந்தப் பலம் பாதி போச்சு.

இதோட கதையை முடிச்சிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! ஆனா முடியல.

காவல் வேலை பெரும்பாலும் கள்ளர் சமூகத்தைச் சேர்ந்தவங்க கையில இருந்துச்சு. இயக்கம் "இந்த ஏற்பாடு வேண்டாம்"ல தொடங்கி, சீக்கிரமே "இந்த ஆளுங்களே வேண்டாம்"ல போய் நின்னுச்சு. காவல் கூலியோட சம்பந்தமே இல்லாம விவசாயம் பார்த்துட்டு இருந்த குடும்பங்களையும் ஊரை விட்டு வெளியேத்தினாங்க. தீ வச்சாங்க. பதிலுக்கும் தீ, பதிலுக்கும் அடிதடி. மாட்டுத் திருட்டைக் குறைக்கக் கூடின கூட்டம் பக்கத்து வீட்டுக்காரனைத் துரத்துற கூட்டமா மாறிடுச்சு.

அடுத்தது இன்னும் மோசம். ஒரு சமூகமே திருட்டுச் சமூகம்ங்கிற எண்ணம் அரசாங்கத்துக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு. 1911ஆம் வருஷக் குற்றப் பரம்பரைச் சட்டம், மக்கள் வாயில கைரேகைச் சட்டம், 1914ல தொடங்கி பிரமலைக் கள்ளர்கள் மேல படிப்படியா பாய்ஞ்சது. எந்தத் தப்பும் பண்ணாத ஆள் கைரேகை கொடுக்கணும், ராத்திரியில ஆஜராகணும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கணும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர்ல, கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன மக்கள் மேல போலீஸ் சுட்டுச்சு. ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தாங்க. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டத்தை 1947லதான் நீக்கினாங்க. நாடு முழுக்க 1952ல.

நான் இந்தக் கதையை இவ்வளவு நேரம் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஊர் கூடிக் காவல் காக்கிறதுன்னு சொன்ன உடனே நமக்கு நல்ல படம்தான் கண்ணுல வரும். அந்தப் படத்துல "ஊர்"ங்கிறது யாருன்னு கேட்கணும். காவலோட வெற்றியும் தோல்வியும் அந்தப் பதில்லதான் இருக்கு.

போலீஸோட நண்பர்கள்

ஒரு நூறு வருஷம் தாண்டி வருவோம். 1993. ராமநாதபுரம் எஸ்.பி.யா இருந்த பிரதீப் வி. பிலிப், 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'னு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். குற்றப் பின்னணி இல்லாத சாதாரண மக்கள் போலீஸுக்குத் தகவல் கொடுக்கலாம், ரோந்துல கூட வரலாம், ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவுல பாலமா இருக்கலாம். நல்ல யோசனை. அடுத்த வருஷமே தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனாங்க. வெளிநாட்டு விருது கூட வாங்குச்சு.

2020 ஜூன்ல சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கு நேரத்துல கடை திறந்து வச்சதா கூட்டிட்டுப் போன அப்பாவும் மகனும் போலீஸ் காவல்ல அடிபட்டு இறந்தாங்க. அந்த ஸ்டேஷன்ல போலீஸோட இருந்த தன்னார்வலர்கள் மேலயும் குற்றச்சாட்டு வந்துச்சு. அவங்க எங்க உறுப்பினர்கள் இல்லைன்னு இயக்கத்தோட தரப்புல மறுத்தாங்க. ஆனா 2020 ஜூலையில தமிழ்நாடு அரசு அந்த அமைப்பையே தடை பண்ணிடுச்சு.

இதுல யார் சொன்னது சரிங்கிறதைத் தாண்டி ஒரு பாடம் இருக்கு. போலீஸுக்கு மக்கள் கண்ணா இருக்கலாம், காதா இருக்கலாம். கையா மாறக் கூடாது. அடையாள அட்டையும் லத்தியும் கொடுத்து, பதில் சொல்ற பொறுப்பை மட்டும் கொடுக்காம விட்டா, 1896க்கு முன்னாடி இருந்த காவல்காரர் நிலைமைதான். அதிகாரம் இருக்கு, கேள்வி இல்ல.

ஆறு வீடு போதும்

அப்போ எதுதான் வேலை செய்யுது? ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டங்களைப் பத்தி வெளிநாடுகள்ல நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008ல ஒரு அறிக்கை வந்துச்சு. சராசரியா 16 முதல் 26 சதவீதம் வரை குற்றம் குறைஞ்சிருக்குன்னு அதுல சொன்னாங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆஹா ஓஹோ இல்ல. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பலனும் இல்ல.

ஆனா ஒரு இடத்துல மட்டும் பிரமாதமா வேலை செஞ்சது. இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்துல ராச்டேல்னு ஒரு ஊர். அங்க கிர்க்ஹோல்ட்ங்கிற வீட்டுவசதிக் குடியிருப்பு. ரெண்டாயிரத்துச் சொச்சம் வீடு. 1980கள்ல வீடு புகுந்து திருடுறது அங்க ரொம்ப அதிகம். போலீஸ், நகராட்சி, பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து முதல்ல செஞ்ச வேலை, கேமரா வாங்கினது இல்ல. பறிகொடுத்தவங்ககிட்டயும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் திருடினவங்ககிட்டயுமே உட்கார்ந்து பேசினாங்க.

ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, அந்த வீடுகள்ல கரண்டுக்கும் கேஸுக்கும் காசு போடுற மீட்டர். வீட்டுக்குள்ளயே ஒரு உண்டியல் மாதிரி. திருடன் அதுக்குத்தான் வர்றான். அந்த மீட்டரை மாத்திட்டாங்க. ரெண்டாவது, ஒரு தடவை திருடு போன வீட்டுலதான் சீக்கிரமே மறுபடியும் திருடு போகுது. திருடனுக்கு வழி தெரியும், புதுப் பொருள் வாங்கியிருப்பாங்கன்னும் தெரியும். அதனால ஊர் முழுக்கக் காவல் போடல. திருடு போன வீட்டைச் சுத்தி ஒரு ஆறு வீட்டுக்காரங்ககிட்ட மட்டும், "கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டைப் பார்த்துக்கோங்க"ன்னு கேட்டுக்கிட்டாங்க.

முதல் அஞ்சு மாசத்துல 40 சதவீதம் குறைஞ்சது. மூணு வருஷத்துல 75 சதவீதம்.

ஊர் முழுக்க "விழிப்பா இருங்க"ன்னு சொன்னா யாருமே விழிப்பா இருக்க மாட்டாங்க. எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்ல. ஆறு வீட்டுக்கு, இந்த வீடு, இந்த ஒரு மாசம்னு சொன்னா செய்வாங்க. நம்ம ஆளுங்க ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டு அக்காகிட்ட சாவியைக் கொடுத்து, "அக்கா, சாயங்காலம் லைட்டை மட்டும் போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறாங்களே, அதுதான் இதோட சின்ன வடிவம். போலீஸும் இதையேதான் கேட்கிறாங்க. வெளியூர் போறீங்கன்னா ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க, பூட்டின வீடுகளை ரோந்துல சேர்த்துக்கிறோம்னு. சொல்லிட்டுப் போறவங்கதான் குறைவு.

திருட்டுப் பொருள் எங்க போய்ச் சேருது?

அந்த மீட்டர் கதையில இன்னொரு பாடம் ஒளிஞ்சிருக்கு. திருட்டைத் திருடன் பக்கத்துல இருந்து மட்டும் பார்க்கக் கூடாது. பொருள் பக்கத்துல இருந்தும் பார்க்கணும். திருடின பொருளைக் காசாக்க முடியலைன்னா திருட்டுக்கு அர்த்தமே இல்ல.

திண்டுக்கல் சமவெளியில அன்றாடத் திருட்டுப் பொருள் எங்கெங்க காசாகும்? ஒயர் பழைய இரும்புக்கடையில. நகை அடகுக்கடையில. செல்போன் சர்வீஸ் கடையில. ஆடு சந்தையிலயோ கறிக்கடையிலயோ. அய்யலூர்ல வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும். விடியறதுக்கு முன்னாடியே வியாபாரம் சூடு பிடிச்சிடும். ஆட்டைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து ஆடு, எத்தனை பல்லுன்னு சொல்ற வியாபாரிகள் அங்க இருக்காங்க. ராத்திரி ஒரு பட்டியில ஆடு போனா, அந்தச் சேதி விடியறதுக்குள்ள இந்த மாதிரி சந்தைக்குப் போய்ச் சேரணும். காதுல மடிச்ச அடையாளம், நிறம், கழுத்துல இருக்கிற தழும்பு, எல்லாத்தோடயும். கொம்பு ஊதினாங்களே, அதுக்கு இன்னைக்கு வடிவம் இதுதான். ஊருக்குள்ள மட்டும் கேட்டா போதாது. சந்தையிலயும் கேட்கணும்.

இதுல கடைக்காரங்க சந்தேகப் பட்டியல்ல வைக்க வேண்டிய ஆள் இல்ல, கூட்டாளியா வச்சுக்க வேண்டிய ஆள். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்குறது குற்றம். தெரியாம வாங்கிட்டாலும் பொருள் போகும், காசும் போகும், ஸ்டேஷனுக்கு அலைச்சல் வேற. நேர்மையான பழைய இரும்புக்கடைக்காரருக்கு இந்தத் தகவல் முன்கூட்டியே கிடைச்சா நிம்மதி. விக்க வர்ற ஆளோட பேரு, போன் நம்பர், பைக் நம்பர், மூணையும் நோட்டுல எழுதி வச்சாலே அறுத்த ஒயரோட வர்றவன் அடுத்த தடவை வேற கடை தேடுவான். எல்லாக் கடையிலயும் நோட்டு இருந்தா?

செல்போனுக்கு இந்த வேலையை மெஷினே செய்யுது. 2023 மே மாசத்துல இருந்து சி.இ.ஐ.ஆர். போர்ட்டல் நாடு முழுக்க இயங்குது. போன் போச்சுன்னா போலீஸ்ல புகார் கொடுத்துட்டு, அந்த போர்ட்டல்ல ஐ.எம்.இ.ஐ. நம்பரைப் பதிஞ்சா போன் பிளாக் ஆகிடும். யாராவது அதுல புது சிம் போட்டா தெரிஞ்சுடும். தமிழ்நாட்டுல பல மாவட்டங்கள்ல எஸ்.பி. அலுவலகத்துல மொத்தமா போன்களைத் திருப்பிக் கொடுக்கிற போட்டோ பார்த்திருப்பீங்களே, அதுக்குப் பின்னாடி இந்த மாதிரி வேலைதான் இருக்கு. இதைக் கேட்கிற நீங்க இப்பவே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு, வர்ற நம்பரை வீட்டுல ஒரு டைரியில எழுதி வைங்க. அதே போன்ல நோட்ஸ் ஆப்ல சேவ் பண்ணாதீங்க!

வாட்ஸ்அப் கொம்பு

இப்போ ஒவ்வொரு நகர்லயும், ஒவ்வொரு அப்பார்ட்மென்ட்லயும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. கொம்பைவிட வேகமான கொம்பு. அதனாலயே ஆபத்தான கொம்பு.

2018 மே மாசம் ஞாபகம் இருக்கா? குழந்தை கடத்துறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல குலசாமி கோயிலுக்கு வழி கேட்டு வந்த ஒரு குடும்பத்தை ஊர் கூடி அடிச்சது. வயசான ஒரு அம்மா இறந்து போனாங்க. அடிச்சவங்க யாரும் தன்னைக் கெட்டவனா நினைச்சுக்கிட்டு அடிக்கல. ஊரைக் காப்பாத்துறோம்னு நினைச்சுத்தான் அடிச்சாங்க. 1896ல தீ வச்சவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

அதனால உங்க குரூப்புக்கு மூணு விதி சொல்றேன். அட்மினுக்கு இந்த எபிசோடை அனுப்பிடுங்க.

ஒண்ணு. செயலை எழுதுங்க, ஆளை எழுதாதீங்க. "ராத்திரி 2 மணிக்கு மூணாவது தெருவுல ஒருத்தர் பைக் லாக்கை ஆட்டிப் பார்த்தார், நம்பர் பிளேட் இல்லாத பைக்" – இது தகவல். "வடக்கத்திப் பசங்க சுத்துறாங்க", "அந்தக் காலனிப் பசங்கதான்" – இது தகவல் இல்ல. இது கைரேகைச் சட்டத்தோட முதல் வரி. இன்னைக்குத் திண்டுக்கல், திருப்பூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்க்கிற வெளிமாநிலத் தொழிலாளிகளை நாம எந்தக் கண்ணோட பார்க்கிறோம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அவங்க செல்போனும் திருடு போகுது. அவங்க ரூம்லயும் பூட்டை உடைக்கிறாங்க. அவங்களை உங்க குரூப்புல யாராவது சேர்த்திருக்காங்களா?

ரெண்டு. போட்டோ போட்டுத் "திருடன்"னு எழுதாதீங்க. சி.சி.டி.வி. காட்சி இருந்தா ஸ்டேஷனுக்குக் கொடுங்க. அவசரம்னா 100 அல்லது 112. காவல் உதவி ஆப்பும் இருக்கு.

மூணு. யாரையாவது பிடிச்சுட்டா அடிக்காதீங்க. கண்ணு முன்னாடி ஜாமீன்ல விட முடியாத கடுமையான குற்றம் நடந்தா பொதுமக்களே பிடிக்கலாம்னு சட்டம் சொல்லுது. ஆனா தாமதம் பண்ணாம, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. கம்பத்துல கட்டி வச்சு வீடியோ எடுக்கிறதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடம் இல்ல. அப்படிப் பண்ணினா குற்றவாளி நீங்க.

இதோட சேர்த்து இன்னொரு சட்ட விஷயம். 2024 ஜூலை 1ல வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல ஒரு மாற்றம். 5,000 ரூபாய்க்குக் குறைஞ்ச பொருள், முதல் தடவை தண்டனை பெறுறவர், பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டார்னா, ஜெயில் இல்ல, சமூக சேவை. நிறையப் பேருக்கு இது கோபம் வரும். ஆனா 17, 18 வயசுல ஒரு சைக்கிளோட மாட்டின பையனை ஜெயிலுக்கு அனுப்பினா அங்க என்ன கத்துக்கிட்டு வருவான்னு யோசிங்க. கிர்க்ஹோல்ட்லயும் ஒரு கட்டத்துக்கு மேல, திருடுறவங்களோட கடன், போதை, வேலையின்மை பக்கம்தான் கவனத்தைத் திருப்பினாங்க.

கடைசியா

மொத்தத்தையும் சேர்த்துச் சொல்றேன். அன்றாடத் திருட்டைக் குறைக்கிற கூட்டுக்கு நாலு கால் வேணும். சத்தம் கேட்டா வர்ற ஆள், அதுவும் ஆறு வீட்டு அளவுல. பறிகொடுத்தவர் நஷ்டத்துல கொஞ்சம் பங்கு போட்டுக்கிற மனசு. திருட்டுப் பொருள் காசாகுற கடையும் சந்தையும் நம்ம பக்கம். காவல் காக்கிறவங்க மேலயே கேள்வி கேட்க ஒரு வழி.

இதுல ரெண்டாவதைத்தான் நாம சுத்தமா மறந்துட்டோம். குரூப்புல "கேமரா வாங்கலாம்"னு சொன்னா உடனே காசு சேரும். மூணாவது மாடியில வீட்டு வேலை பார்க்கிற அக்காவோட சைக்கிள் போச்சுன்னா, ஆளுக்கு நூறு போட்டு வாங்கிக் கொடுக்கலாம்னு யாராவது சொல்லியிருக்கோமா? நூத்து இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னாடி படிக்காத விவசாயிகளுக்கு அது தோணியிருக்கு. அவங்க செஞ்ச கொடுமையை நாம செய்ய வேண்டாம். அவங்க போட்ட பண்டை மட்டும் எடுத்துக்கலாம்.

இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க வீட்டைச் சுத்தி இருக்கிற ஆறு வீட்டுல எத்தனை பேரோட பேரும் போன் நம்பரும் உங்களுக்குத் தெரியும்னு எண்ணிப் பாருங்க. எனக்கு பெங்களூர்ல இருக்கிற ஃபிளாட்ல மூணு தெரியும். உங்க எண்ணிக்கையை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம். வீட்டைப் பூட்டிட்டுப் போங்க, எதிர்வீட்டுல சொல்லிட்டும் போங்க.